மறைத்த பாடமும் திறந்த பாடமும்: திருச்சி வட்டாரத்தில் பார்த்து வரையும் கலை, மைக்காத் தகடு முதல் டிஜிட்டல் ரசிகர் ஓவியம் வரை

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையில், திருவெறும்பூரைத் தாண்டினால் துவாக்குடி வருகிறது. அதற்கு மேற்கே இருக்கும் திருச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைக்கா ஓவியத்துக்குப் பெயர்பெற்ற ஊர். கிழக்கே இருக்கும் தஞ்சாவூரின் ஓவியப் பாணிக்கு அறிமுகம் தேவையில்லை. நடுவில் உள்ள துவாக்குடியில் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2003இல் அது தேசிய தொழில்நுட்பக் கழகம் ஆனது. அதே அறுபதுகளில் செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடு பக்கத்திலேயே பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. அதைச் சார்ந்து சிறு, குறு பட்டறைகள் பெருகின. ஆக, சாமி படம் எழுதியவர்களின் ஊர்களுக்கு இடையில் இயந்திர வரைபடம் எழுதுகிறவர்களின் ஊர் ஒன்று அமைந்தது.

இன்று தமிழகக் கல்லூரி விடுதிகளில் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் வந்தியத்தேவனையும் நந்தினியையும், அனிமே பாத்திரங்களையும், திரைநாயகர்களையும் கைப்பேசியில் வரைந்து, வரைந்த விதத்தையும் காட்டி, திருத்தமும் கேட்கும் தலைமுறை ஒன்று இருக்கிறது. இவர்கள் செய்வதை ‘காப்பி’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இந்தக் கட்டுரை அந்த முடிவை மறுக்கிறது. பிறர் படைத்த உருவத்தைப் பார்த்து வரைவதுதான் இந்த வட்டாரத்தில் ஓவியப் பயிற்சியின் முதுகெலும்பாக இருந்து வந்திருக்கிறது. மாறியவை இரண்டே. முடியாத படத்தை யார் பார்க்கலாம் என்பது ஒன்று. யார் யாரைத் திருத்தலாம் என்பது மற்றொன்று.

குடும்பத்துக்குள் இருந்த தொழில்

தஞ்சாவூர்ப் பாணியை வளர்த்தவர்கள் என்று தஞ்சாவூர், திருச்சிப் பகுதி ராஜுக்களையும் மதுரைப் பகுதி நாயுடுக்களையும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசித் தேய்த்து, உருவத்தைக் கோடாக இறக்கி, மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியாக வண்ணம் தீட்டுவது அதன் முறை. எந்தக் கட்டத்தில் எதைச் செய்வது என்பது வீட்டுக்குள் கைமாறிய அறிவு. வாங்குகிறவருக்குத் தெரிந்தது முடிந்த படம் மட்டும்தான். உருவமோ ஓவியரின் சொந்தக் கற்பனை அல்ல. வெண்ணெய் உண்ணும் கண்ணனும் ராமர் பட்டாபிஷேகமும் முன்னோர் வகுத்த அமைப்பிலேயே திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. பார்த்து எழுதுவது அங்கே யாருக்கும் தலைகுனிவாக இருக்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் வாடிக்கையாளர்களாக வந்தபோது அதே கைகள் வேறு சரக்கைச் செய்தன. தெய்வ உருவங்கள், சாதிகள், தொழில்கள், ஊர்வலங்கள் என்று தொகுப்புத் தொகுப்பாகப் படங்கள் சீமைக்குப் போயின. லண்டன் அருங்காட்சியகங்களில் அவற்றை இன்றும் பார்க்கலாம். திருச்சியின் சிறப்பு மைக்கா. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மெல்லிய தகட்டில் அடர்ந்த வண்ணத்தால் சிற்றோவியம் எழுதுவார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட மைக்காத் தொகுப்புகளில் நம் பொருளுக்கு நெருக்கமான ஒரு வகை உண்டு. அடியில் ஓர் அட்டை இருக்கும். அதில் ஒரு முகம். மேலே வைப்பதற்கான தகடுகளில் உடையும் நகையும் மட்டும் எழுதி, முகம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். தகட்டை மாற்றினால் அதே முகம் வேறு கோலம் பூணும். ஒரு உருவத்தைத் தனித்தனித் தளங்களாகப் பிரித்து, ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்றும் இந்த யோசனை, 1994இல் ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பில் லேயர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தையது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. தளம் பிரித்து யோசிப்பது இந்த நாட்டு ஓவியருக்கு அந்நியமான பழக்கம் அல்ல என்பதே என் கருத்து.

தொழில் மறைக்கப்பட்டது என்றால் எந்த அளவுக்கு? ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறு அதற்கு நல்ல சான்று. திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் கையாண்டவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயுடு. இளைஞர் ரவிவர்மாவுக்கு அதைக் கற்றுத்தர அவர் மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் சொல்லிக்கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பிறகு அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் நடத்தவில்லை. தான் தீட்டும்போது அருகிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். ஓவியர் ஒருவருக்கு வேண்டியிருந்தது முடிந்த படம் அல்ல, படம் முடியும் விதம். இதைவிடத் தெளிவாக அதைக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. அந்த உதவியாளரை ஓவிய வரலாற்றில் இன்னும் பெரிதாகப் பேசவேண்டும் என்பது என் ஆசை.

அச்சு வந்தது, படம் வந்தது, முறை வரவில்லை

1894இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் தெய்வப் படத்தை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுபோனது. தமிழகத்தில் அந்த வேலையைத் தொடர்ந்தது சிவகாசி அச்சும், கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் (1898–1976). சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைத்தவர் அவர். அங்கே அவரைச் சுற்றி ஒரு மாணவர் கூட்டம் சேர்ந்தது. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்றோர் அதிலிருந்து வந்தவர்கள். குருவும் மாணவரும் சேர்ந்து கையெழுத்திட்ட காலண்டர் படங்கள் கிடைக்கின்றன. ரத்த உறவு இல்லாதவருக்கும் தொழில் திறந்தது என்பதும், கற்கிறவனின் பெயரும் படத்தில் ஏறியது என்பதும் சின்ன மாற்றங்கள் அல்ல.

பத்திரிகை இன்னொரு வகைப் பள்ளியாயிற்று. ஆனந்த விகடனில் மாலி, கோபுலு, சில்பி, கல்கியில் மணியம். 1950இல் தொடங்கி 1954 வரை எழுத்தாளர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அந்த இதழில் தொடராக வந்தபோது மணியம் (1924–1968) வரைந்த உருவங்கள் வாசகர் மனத்தில் பாத்திரங்களின் உண்மை முகங்களாகவே பதிந்துவிட்டன. கொண்டையைப் பார்த்தே குந்தவையா நந்தினியா என்று சொல்லும் வாசகர்கள் இன்றும் உண்டு. கல்கி இதழ் அந்த நாவலை மீண்டும் மீண்டும் வெளியிட்டபோது வினு, பத்மவாசன், வேதா என்று வேறு வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தக் கோடு இருந்தது. ஆனாலும் மணியத்தின் உருவங்களுக்கு முகம் கொடுக்காமல் எவராலும் நகர முடியவில்லை. பத்மவாசன் சில்பியின் சீடர். மணியத்தின் மகன் மணியம் செல்வன் தந்தையின் வழியில் வந்தவர். இப்படி, தொழில்முறை ஓவியர்களே முன்னவர் படைத்த உருவத்தோடு உரையாடித்தான் வரைந்திருக்கிறார்கள். இன்றைய ரசிகர் ஓவியர் செய்வதும் இதையே.

ஆனால் அச்சு ஒரு சுவரையும் எழுப்பியது. ஊரில் இருந்த பையனுக்கு மணியத்தின் படம் கிடைத்தது, மணியம் கிடைக்கவில்லை. எங்கே பென்சில் தொடங்கியது, எந்தக் கோடு அழிக்கப்பட்டது, நிழலுக்குத் தூரிகையா பேனாவா என்பதெல்லாம் அச்சில் காணாமல் போயின. ஆகவே தானே கண்டுபிடித்த வழிகளில் கற்றான். படத்தின் மேல் கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது ஒரு வழி. திரைப்பட பேனர் எழுதுகிறவர்கள் நிழற்படத்தைப் பல அடி உயரத்துக்குக் கொண்டுபோனதும் இதே கட்டத்தால்தான். எண்ணெய் தடவிய தாளை மேலே வைத்து டிரேஸ் எடுப்பது இன்னொரு வழி. இரண்டிலும் கை பழகும். எங்கே தவறினோம் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.

துவாக்குடியின் சிவப்பு மை

தவறைப் படத்தின் மேலேயே எழுதிக் காட்டும் ஒழுங்கு இந்த வட்டாரத்தில் வேறொரு துறையில் வேரூன்றி இருந்தது. பொறியியல் கல்லூரியின் முதலாண்டு மாணவர் எவரும் டிராஃப்டரையும் பெரிய டிராயிங் ஷீட்டையும் மறக்கமாட்டார். கொதிகலன் உதிரிகள் செய்யும் பட்டறைகளிலோ வரைபடம்தான் சட்டம். சரிபார்ப்பவர் நகலை எடுத்து, தவறிய அளவைச் சிவப்பில் சுழித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார். திருத்தம் ஏறியதும் வரைபடத்தின் மூலையில் உள்ள கட்டத்தில் திருத்த எண்ணும் தேதியும் பதிவாகும். யார் வரைந்தார், யார் சரிபார்த்தார், யார் ஒப்புதல் தந்தார் என்று மூன்று கையொப்பங்கள் அங்கே இருக்கும்.

இந்தப் பழக்கத்தில் நான் மதிப்பது அதன் நேர்மையை. சிவப்பு மை வரைந்தவனை அவமதிப்பதில்லை. குழாய் பொருந்தவேண்டும், பற்றவைப்பு நிற்கவேண்டும், அவ்வளவுதான். திருத்தம் மூலத்தை அழிப்பதும் இல்லை. தவறும் சரியும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக நிற்கும். டிஜிட்டல் ஓவியர்கள் ‘ரெட்லைன்’ என்று சொல்லும் வழக்கம் இதற்கு மிக அருகில் இருக்கிறது. ஒருவர் தன் படத்தைக் கொடுக்கிறார். மற்றவர் மேலே ஒரு புதிய லேயர் திறந்து, சிவப்புக் கோட்டில் தோள் எங்கே சரியவேண்டும், கண்மட்டம் எங்கே இருக்கவேண்டும் என்று வரைந்து காட்டுகிறார். லேயரை அணைத்தால் மூலம் அப்படியே இருக்கிறது.

முறை வெளியே வந்த காலம்

கணினி ஓவியத்தின் பொது வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 1983இல் ஜப்பானில், டிஜிட்டல் ஓவியப் பலகை செய்யும் வாகாம் (Wacom) நிறுவனம் தொடங்கியது. ஓவியம் பகிரும் இணையதளங்களான டீவியன்ட்ஆர்ட் 2000இலும் பிக்சிவ் 2007இலும் வந்தன. ஜப்பானின் காமிக் மார்க்கெட் 1975 முதலே ரசிகர் படைப்புகளுக்குச் சந்தையாக இருந்தது. தமிழ்நாட்டில் நடந்த திருப்பத்துக்குக் காரணம் ஓவியப் பலகைகூட இல்லை என்று கருதுகிறேன். 2016க்குப் பின் இணையத் தரவு மலிந்தது. ஐபிஸ் பெயிண்ட் போன்ற செயலிகள் சாதாரணக் கைப்பேசியில் விரலால் வரையவிட்டன. அதைவிட முக்கியம், வரைவதை முதல் கோட்டிலிருந்து தாமாகவே பதிவுசெய்து படமாகக் காட்டின. ராமசாமி நாயுடு மறைத்ததும் அச்சு விழுங்கியதும் இப்போது ஒரு நிமிடக் காணொளியாக எவர் கைக்கும் வந்தன.

அப்படிப் பகிரப்படும் பாடம் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். நந்தினியின் முகம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் லேயரில் தோராயமான ஸ்கெட்ச். அதன் அடர்த்தியைக் குறைத்துவிட்டு மேலே கோட்டுக்கு ஒரு லேயர். விரல் நடுக்கம் தெரியாமல் இருக்க ஸ்டெபிலைசரைக் கூட்டுவார்கள். கோட்டுக்கு அடியில் தட்டையான நிறங்கள்: தோல், கூந்தல், சேலை, நகை தனித்தனியாக. தோலின் எல்லையைத் தாண்டாதபடி அதன் மேல் கிளிப்பிங் போட்டு நிழல். இங்கேதான் தமிழ் ஓவியருக்குச் சிக்கல். ஜப்பானிய, அமெரிக்கப் பாடங்கள் பெரும்பாலும் வெளிர்த் தோலை வைத்தே நிழல் சொல்லித்தருகின்றன. அங்கே பயன்படும் சாம்பல் நிழலை, அடி நிறத்தை இருளாக்கும் மல்டிப்ளை முறையில் மாநிறத் தோலின் மேல் போட்டால் முகம் சாம்பல் பூத்து உயிரற்றுப் போகும். சிவப்பு கலந்த பழுப்போ மங்கிய ஊதாவோ எடுத்து, வெளிச்சமும் நிழலும் சேரும் விளிம்பில் மட்டும் கொஞ்சம் செறிந்த ஆரஞ்சு இழுத்தால் தோலுக்கு ரத்தம் ஓடும். நகைக்கும் இதுபோல ஒரு கணக்கு உண்டு. மஞ்சள் பூசினால் தங்கம் ஆகாது. கரும்பழுப்பின் பக்கத்திலேயே சின்னதாக, கூர்மையாக வெளிச்சப் புள்ளி வைக்கவேண்டும். தஞ்சாவூர் ஓவியருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் ஒட்டியது மெய்யான தங்க ரேக்கு.

மாநிறத்தை அழகாகத் தீட்டும் ஆசைக்கு வலுச்சேர்த்தவர் கும்பகோணம் பக்கத்துச் செம்பியவரம்பலில் பிறந்த ஓவியர் எஸ். இளையராஜா. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. சமையற்கட்டுச் சன்னல் ஒளியில் நிற்கும் தமிழ்ப் பெண்களை அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய விதத்தைப் பல இளைஞர்கள் திரையில் மறுபடி வரைந்து கற்றார்கள். அந்த ஒளியைப் பார்த்து வரைந்தவன் எவனும் அடுத்த முறை தோலுக்குச் சாம்பல் நிழல் போடமாட்டான்.

திருத்தம் சொல்வதற்கும் ஓர் ஒழுங்கு உருவாகி வருகிறது. கேட்காமல் ஒருவர் படத்தின் மேல் வரைவதில்லை. பத்துப் பிழை இருந்தாலும் முதலில் பெரிய பிழை ஒன்றை மட்டும் சொல்வார்கள். முகம் கோணியிருந்தால், படத்தை இடவலமாக ஃபிளிப் செய்து பார்க்கச் சொன்னால் போதும், வரைந்தவர் கண்ணுக்கே தெரிந்துவிடும். ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல் மனதுக்கு இதம், கைக்குப் பயன் இல்லை. பட்டறையின் சிவப்பு மையில் இருந்த துல்லியம் இங்கே இன்னும் முழுதாக வரவில்லை என்பது என் வருத்தம். குரு இல்லாத இடத்தில் திருத்துகிறவரும் மாணவர்தான். சில நேரம் தவறான திருத்தமே பாடமாகப் பரவிவிடுகிறது. ஆனால் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தன்னைவிட மூத்த ஒருவர் வரைந்த கையின் மணிக்கட்டைத் திருத்த, அவரும் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளும் காட்சிக்கு ராஜுக்களின் பட்டறையிலோ கலைப் பள்ளியிலோ இடம் இருந்திருக்காது.

உருவம் யாருடையது

2022இல் மணிரத்னத்தின் படம் வெளிவந்தபோது பொன்னியின் செல்வன் ரசிகர் ஓவியம் பெருகியது. திரையில் வந்த முகங்களும் மணியத்தின் முகங்களும் ஒரே படத்தில் கலந்தன. சட்டம் இதில் இரண்டு விதமாக நிற்கிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. அவர் 1954இல் மறைந்ததால் பதிப்புரிமைக் காலமும் 2014இன் இறுதியோடு முடிந்துவிட்டது. வந்தியத்தேவனை யாரும் வரையலாம், விற்கலாம். ஓவியத்துக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவியர் மறைந்த பின் அறுபது ஆண்டுகள் உரிமை உண்டு. மணியம் மறைந்தது 1968இல். ஆகவே அவருடைய கோடுகளுக்கான உரிமை 2028 முடியும்வரை நீடிக்கும். அவர் வரைந்த நந்தினியை அப்படியே எடுத்து வண்ணம் கொடுத்து அச்சிட்டு விற்பவர் உரிமையாளரின் அனுமதி பெறவேண்டும். பயிற்சிக்காகப் பார்த்து வரைந்து, கீழே மணியத்தின் பெயரை எழுதுகிறவரின் நிலை வேறு.

பெயர் எழுதும் பழக்கம் இன்று இன்னும் அவசரமாகிவிட்டது. 2022 முதல் பொதுமக்கள் கைக்கு வந்த படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், எவருடைய பாணியையும் பெயர் சொல்லாமல் தந்துவிடுகின்றன. அதனால் ரசிகர் ஓவியர்கள் முடிந்த படத்தோடு லேயர்களையும், வரைந்த பதிவையும், பார்த்து வரைந்த மூலத்தையும் சேர்த்தே வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தன் கையால் வரைந்தது என்று நிறுவ இப்போதைக்கு அவர்களிடம் உள்ள சான்று அதுதான்.