ஒளி ஜன்னல் வரைக்கும், ஒலி தெரு வரைக்கும்

இன்னைக்கு எபிசோடு ஒரு டிவி நிகழ்ச்சியைப் பத்தி. அதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதைக் கேட்டுட்டிருக்கிற உங்கள்ல பாதிப் பேரும் பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா வீட்டுல நாற்பத்தஞ்சு வயசைத் தாண்டின யார்கிட்டயாவது போய் "ஒளியும் ஒலியும்"னு மட்டும் சொல்லிப் பாருங்க. உடனே "வெள்ளிக்கிழமை"ன்னு பதில் வரும். அதுக்கப்புறம் அரை மணி நேரம் உங்களால பேச முடியாது.

நிகழ்ச்சி என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். சென்னைத் தூர்தர்ஷன்ல வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், சினிமாப் பாட்டு போடுவாங்க. அவ்வளவுதான். இந்தியில சித்ரஹார் மாதிரி. இன்னைக்கு நம்ம போன்ல ஒரு பிளேலிஸ்ட் ஓடுறதுக்கும் அதுக்கும் உள்ளடக்கத்துல பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் என்னன்னா, அந்தப் பிளேலிஸ்ட்டை யாரோ ஒருத்தர் சென்னையில உக்காந்து போட்டார். ஊரே அதுக்குக் காத்திருந்துச்சு. ஸ்கிப் பட்டன் கிடையாது.

பாட்டெல்லாம் யூடியூப்ல கிடைக்கும். ஆனா ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு வந்துச்சு, நடுவுல கரண்ட் போச்சா, எத்தனை பேர் உக்காந்திருந்தாங்க, இதெல்லாம் மனுஷங்க தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அதனால மூணு பேர்கிட்ட உக்காந்து கேட்டேன். எங்க அம்மா, பெரியம்மா, அப்புறம் கூட வேலை பார்க்கிற ஒரு ஃப்ரெண்டோட அம்மா. முதல் ரெண்டு பேரும் தெற்கு மாசி வீதியை ஒட்டின ஒரு சந்துல வளர்ந்தவங்க. மூணாவது ஆள் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பேர் வேண்டாம்னு மூணு பேருமே சொல்லிட்டாங்க.

பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சிக்னல். என்ஜினியரிங் படிச்சதுக்கு இந்த ஒரு பாராவையாவது எனக்கு விட்டுக்குடுங்க.

சென்னைத் தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. அதுக்காக மதுரையில அன்னைக்கே யாரும் டிவி பார்க்கலை. டிவி சிக்னல் கிட்டத்தட்ட நேர்கோட்டுல போற விஷயம். பூமி உருண்டைங்கிறதால கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் தலைக்கு மேல போயிடும். சென்னைக்கும் மதுரைக்கும் நடுவுல நானூறு கிலோமீட்டருக்கு மேல. வாய்ப்பே இல்லை. 1982 ஆகஸ்ட் 15-ல தேசிய ஒளிபரப்பு தொடங்குச்சு, அந்த வருஷமே டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோட கலர் வந்துச்சு. 1984-ல நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர்னு கொஞ்ச மாசம் ஊர் ஊரா நட்டுட்டே போனாங்க. ஆனா அந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் சாட்டிலைட்ல டெல்லியை வாங்கி அப்படியே விடுறவை. இந்தி நியூஸ், இந்தி நாடகம். பெட்டி இருக்கு, தமிழ் இல்லை. இன்னொரு பக்கம், கடலைத் தாண்டி இலங்கை ரூபவாஹினி 1982 பிப்ரவரியில ஒளிபரப்பைத் தொடங்கிடுச்சு. தெற்குக் கடலோர மாவட்டங்கள்ல உயரமா பைப்பு நட்டு பூஸ்டர் மாட்டி அதைப் பிடிச்சாங்க. வெயில் காலத்துல கடல் மேல நிக்கிற காற்றடுக்கு சிக்னலை வளைச்சுக் கொண்டுவந்து தள்ளும், கணக்குப்படி வரக்கூடாத தூரத்துக்கும் வந்து சேரும். அடுத்த நாள் காணாமப் போகும்.

மதுரைக்குக் கதை மாறினது கொடைக்கானலால. அந்த மலை ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்க ஒரு டிரான்ஸ்மிட்டர் வச்சா, நடுவுல வேற மலை மறைக்காத வரைக்கும், சமவெளியில நூத்தம்பது கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். மதுரை ஆகாச வழியா எண்பது கிலோமீட்டருக்குள்ள. எண்பதுகள்ல கொடைக்கானல் நிலையம் வந்ததும் மதுரை மொட்டை மாடிகள்ல இருந்த மீன்முள் ஆன்டெனா எல்லாம் வடமேற்குப் பக்கம் திரும்புச்சு. பெரியம்மா சொன்னாங்க: "கோயில் கோபுரம் எந்தப் பக்கம்னு தெரியாத சின்னப் பிள்ளைக்குக்கூட கொடைக்கானல் எந்தப் பக்கம்னு தெரியும்டா."

சரி, வெள்ளிக்கிழமை.

தாத்தா வாங்கினது சாலிடேர். மரப்பெட்டி, ரெண்டு பக்கமும் இழுத்து மூடற ஷட்டர், அதுக்கு மேல பாட்டி பின்னின துணி. சாயங்காலம் வீடு துடைச்சு, விளக்கேத்தி, மல்லி வச்சு, மீனாட்சி அம்மன் கோயில்ல வெள்ளிக்கிழமை ஊஞ்சல் பார்க்கப் போனவங்க எல்லாம் ஓட்டமும் நடையுமா திரும்பி வருவாங்களாம். பாட்டி ஊஞ்சலுக்குப் போறதையே குறைச்சுக்கிட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க. பெரியம்மா இல்லவே இல்லைங்கிறாங்க. இந்த விஷயத்துல ரெண்டு பேரும் ரெக்கார்டிங்லயே சண்டை. எடிட் பண்ணிட்டேன்.

அம்மா ஞாபகத்துல தொகுப்பாளர்னு யாரும் வந்து பேசல. பாட்டு, படத்தோட பேர், அடுத்த பாட்டு. முதல்ல பழசு, கறுப்பு வெள்ளை. அது தாத்தாவுக்கு. டி.எம்.சௌந்தரராஜன் குரல் வந்தா தாத்தா வெத்திலையை மெல்றதை நிறுத்திடுவாராம். டி.எம்.எஸ். மதுரைக்காரர், 1922-ல இங்கதான் பிறந்தார். "நம்ம ஊர்க்காரன்"னு தாத்தா ஒவ்வொரு வாரமும் புதுசாச் சொல்ற மாதிரி சொல்வார். நடுவுல வர்றதெல்லாம் எழுபதுகள். அப்போ பெரியவங்க ஒரு கண்ணை அடுப்புல வச்சுப்பாங்க. கடைசிப் பாட்டுதான் விஷயம். அது புதுப் படப் பாட்டா இருக்குங்கிற நம்பிக்கை. இந்த வாரம் அந்தப் படமா இருக்குமா, இந்தப் படமா இருக்குமான்னு புதன்கிழமையில இருந்தே ஸ்கூல்ல பந்தயம். கரெக்டா அந்த நேரத்துல படம் அலையும், கோடு கோடா வரும். மாமா மாடிக்கு ஓடுவார். "தெரியுதா?" "இல்லை!" "இப்ப?" "வந்துச்சு வந்துச்சு... போச்சு!" மாமா அந்தக் காலத்துல கடைசிப் பாட்டுன்னு ஒண்ணைக்கூட முழுசாப் பார்த்ததில்லைன்னு பெரியம்மா சிரிக்கிறாங்க. இல்லைன்னா சென்னையிலயே கோளாறு ஆகி "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை வந்து நிக்கும். அந்த அட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டவர் எங்க சின்ன மாமா.

இங்க ஒண்ணு கவனிங்க. மதுரை சினிமாவுக்குப் பஞ்சமான ஊர் இல்லை. தங்கம் தியேட்டர் 1952-ல பராசக்தியோட திறந்தது, ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல சீட்டு, ஆசியாவுலயே பெருசுன்னு பேர். சிந்தாமணி டாக்கீஸோ ஒரு படத்துல வந்த லாபத்துல கட்டினது, அந்தப் படத்தோட பேரையே வச்சது. கரகாட்டக்காரன் 1989-ல வந்து இங்க ஒரு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. அப்படிப்பட்ட ஊர் ஏன் ஒரு சின்னப் பெட்டியில ஓடுற பாட்டுக்கு அடிச்சுக்கிச்சு? அம்மா பதில் ரொம்ப எளிமையா இருந்துச்சு. தியேட்டருக்கு யாராவது கூட்டிட்டுப் போகணும். இது வீட்டுக்கு வந்துச்சு. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு அந்த வித்தியாசம் பெருசு.

இன்னொரு வேடிக்கை. அந்த வருஷங்கள்ல வெள்ளிக்கிழமை வந்த புதுப் பாட்டுகள்ல எத்தனையோ இந்த மண்ணோடது. இளையராஜா பண்ணைப்புரம், பாரதிராஜா அல்லிநகரம், வைரமுத்து வடுகபட்டி. இன்னைக்குத் தேனி மாவட்டம், அப்போ எல்லாமே மதுரை மாவட்டம்தான். 1976-ல அன்னக்கிளி, அடுத்த வருஷம் 16 வயதினிலேன்னு அவங்க சென்னைக்கு எடுத்துட்டுப் போன சத்தம், சென்னையில பதிவாகி, மலைமேல ஏறி, அந்த ஊர்களுக்குப் பக்கத்து மலையில இருந்தே திரும்ப இறங்குச்சு. ரவுட்டிங்ல இவ்வளவு சுத்து சுத்தின டேட்டாவை நான் பார்த்ததில்லை.

இது வரைக்கும் அம்மாவும் பெரியம்மாவும் சொன்னது. ரெண்டு பேரும் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம்: "தெருவே எங்க வீட்டுலதான் இருக்கும்." இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. தொண்ணூறுகளைப் பத்தின எல்லா ரீல்ஸும் இதையேதான் சொல்லுது, அப்போ ஒற்றுமையா இருந்தோம், இப்போ ஆளுக்கொரு போன்னு. நான் ஒரு கேள்வி கேட்டேன். தெருன்னா யார் யார்? எங்கெங்க உக்காந்தாங்க?

கொஞ்ச நேரம் யோசிச்சு அம்மா வரைபடம் மாதிரியே சொன்னாங்க. நாற்காலியில தாத்தாவும் அவரோட ஃப்ரெண்டும். பாயில சொந்தக்காரங்க. வெறுந்தரையில பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. நிலைப்படியில பால்காரர். ஜன்னலுக்கு வெளிய மத்தவங்க. துணி வெளுக்கிற அக்கா ஜன்னலுக்கு வெளியதான், பிள்ளையை இடுப்புல வச்சுட்டு. "உள்ள வான்னு கூப்பிட்டாலும் வர மாட்டாங்க." கூப்பிட்டீங்களான்னு கேட்டேன். "அதெல்லாம் ஞாபகமில்லைடா"ன்னாங்க.

சில வீடுகள்ல நாலணா வாங்கிட்டு உள்ள விட்டாங்க. அதைக் கேவலமாப் பேசறவங்க இருக்காங்க. எனக்கு என்னமோ காசு வாங்கின வீடு தேவலைன்னு தோணுது. காசு குடுத்தா உள்ள உக்காரலாம், அவ்வளவுதான் கணக்கு.

இப்போ ஃப்ரெண்டோட அம்மா. அவங்க ஊர்ல அப்போ டிவி இருந்தது ஒரே ஒரு வீட்டுல, பெரிய தெருவுல. இவங்க வீடு காலனியில. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலனிப் பிள்ளைங்களும் போவாங்க. திண்ணை வரைக்கும் அந்தத் தெருப் பிள்ளைங்க. இவங்களுக்கு வாசலைத் தாண்டி வேப்ப மரத்தடி. அங்க இருந்து கதவு வழியா பெட்டியோட ஒரு ஓரம் தெரியும், நீலமா ஒரு வெளிச்சம். முன்னாடி இருக்கிற தலைங்க அசைஞ்சா அதுவும் போயிடும். ஆனா அந்த வீட்டுக்காரர் சத்தத்தை நல்லாக் கூட்டி வைப்பாராம். அவங்க சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க: "தம்பி, உங்களுக்குத்தான் ஒளியும் ஒலியும். எங்களுக்கு ஒலியும் ஒலியும்."

அதே மரத்தடியில நின்னு அத்தனை பாட்டும் அவங்களுக்கு மனப்பாடம். இடையில வர்ற புல்லாங்குழல்கூட. படம் தெரியாததால, யார் நடிச்சிருப்பாங்கன்னு பிள்ளைங்களே முடிவு பண்ணிப்பாங்களாம். வீட்டுக்குத் திரும்பி நடந்து வர்ற வழியில ஆடியும் காட்டுவாங்களாம். எங்க அம்மா சொன்ன வெள்ளிக்கிழமைகளை விட இந்த வெள்ளிக்கிழமையில பாட்டு அதிகமா இருந்துச்சுன்னு எனக்குப் பட்டுச்சு. அதைச் சொன்னதும் அவங்க முகம் மாறிடுச்சு. "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கால் வலிக்கும் தம்பி. உக்காரக் கூடாது." அதுக்கு மேல நான் எதையும் அழகாக்க விரும்பலை.

மூணு பேருக்கும் ஒரே மாதிரி ஞாபகமிருந்த வெள்ளிக்கிழமை ஒண்ணுதான். 1987 டிசம்பர் 25. முந்தின நாள் விடியக்காலை எம்.ஜி.ஆர். இறந்துட்டார். 1980-ல மதுரை மேற்குல நின்னு ஜெயிச்சவர், 1984-ல அமெரிக்காவுல ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஆண்டிபட்டியில ஜெயிச்சவர். அன்னைக்கு மெரினாவுல அடக்கம். தலைவர்கள் இறந்தா டிவியில சினிமாப் பாட்டு நின்னு ஷெனாயோ வீணையோ வரும்னு எல்லாருக்கும் தெரியும். அன்னைக்குப் பாட்டைப் பத்தி யாரும் நினைக்கக்கூட இல்லையாம். தெற்கு மாசி வீதிச் சந்துல அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலை, ஜன்னல்கிட்ட நின்னவங்க எல்லாம் உள்ள வந்து உக்காந்து அழுதாங்கன்னு பெரியம்மா சொல்றாங்க. மேலூர்ப் பக்கம் வேப்ப மரத்தடியில இருந்தவங்க அன்னைக்கும் மரத்தடியிலதான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1993 ஏப்ரல் 14, சித்திரை ஒண்ணு அன்னைக்கு சன் டிவி வந்துச்சு. கேபிள் வயர் மாடிக்கு மாடி தாவுச்சு. பாட்டுக்குன்னு தனி நாள் தேவைப்படலை. கொடைக்கானல் பக்கம் பார்த்துக்கிட்டிருந்த ஆன்டெனாவுல துணி காயப் போட்டாங்க. வாரம் பூரா பாட்டு ஓடும்போது, வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்துக்கு யார் ஓடி வருவா?

மேலூர்ப் பக்கம் அந்தக் காலனிக்கு கேபிளும் மெதுவாத்தான் வந்துச்சு. அவங்க வீட்டுக்குன்னு ஒரு பெட்டி வந்தது அரசாங்கத்தோட இலவசக் கலர் டிவி திட்டத்துல. 2006 செப்டம்பர் 15-ல தொடங்கின திட்டம், பதினாலு இஞ்ச் பெட்டி. அந்தத் திட்டத்தைக் கிண்டல் பண்ணி வந்த மீம், ஜோக் எல்லாம் நானும் சிரிச்சு ஷேர் பண்ணியிருக்கேன். அவங்ககிட்ட அந்தப் பெட்டி வந்த நாள் என்ன பார்த்தீங்கன்னு கேட்டேன். ஏதோ ஒரு சேனல்ல பழைய பாட்டு ஓடிட்டிருந்துச்சாம். ரிமோட்டை எடுத்து முதல்ல சத்தத்தைக் குறைச்சாங்களாம். "பாட்டுதான் தெரியுமே தம்பி. ஆளுங்களைப் பார்க்கணும்ல. நாங்க நினைச்ச ஆளு ஒருத்தரும் இல்லை அதுல." பாயில நல்லாச் சாஞ்சு உக்காந்து பார்த்தாங்களாம்.

அடுத்த எபிசோடு ரூபவாஹினி. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் வீட்டுல பெரியவங்க இருந்தா, எத்தனை அடி பைப்பு நட்டாங்க, எந்த மாசம் படம் தெளிவா வந்துச்சுன்னு கேட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அப்படியே, யார் வீட்டுல பார்த்தாங்க, எங்க உக்காந்து பார்த்தாங்கன்னும் கேட்டு வைங்க.