முந்திரிகைக் குலையும் சாம்பற் பூஞ்சணமும்

ஜேர்மனியில் றைன் நதிக்கரையிலே யொகானிஸ்பேர்க் என்னும் குன்று உளது. 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த முந்திரிகைத் தோட்டம், தொலைவிலிருந்த புல்டா நகரத்து ஆயருக்கு உரியதாயிருந்தது. அவரது அனுமதி பெற்றே பழம் கொய்தல் வேண்டும். 1775ஆம் ஆண்டிலே அவ்வனுமதியைக் கொணரச் சென்ற தூதன் பல நாள் தாமதித்துத் திரும்பினான் என்றும், அதற்கிடையில் குலைகள் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிவிட்டன என்றும் அவ்வூர் மரபு கூறுகின்றது. வேறு வழியின்றி அப்பழங்களையே பிழிந்தனர். கிடைத்ததோ மிக இனிய மது. ஹங்கேரி நாட்டுத் தொக்காய்ப் பகுதியினர் இவ்வியல்பை அதற்கு முன்னரே அறிந்திருந்தனர்.

அப்பூஞ்சணத்துக்கு 1794இல் பொற்றைற்றிஸ் சினேறியா எனப் பெயரிட்டவர் பேர்சூன் என்னும் அறிஞர். காலையிற் பனிமூட்டமும் பிற்பகலில் வெயிலும் மாறிமாறி வருமாயின், பூஞ்சணம் துளைத்த தோலின் வழியே நீர் ஆவியாக, பழத்தில் இனிப்புச் செறியும். ஆனால் இடையறாது மழை பெய்யின் அதே பூஞ்சணம் குலை முழுவதையும் அழுக்கிச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஆக்கமும் அழிவும் ஈரலிப்பின் அளவிலேயே தங்கியுள்ளன.

இவ்வழுகலை மருந்தினால் வெல்லலாம் என்ற நம்பிக்கை 1960களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. பெனோமில் முதலிய புதிய மருந்துகள் அக்காலத்தே தோன்றின. எனினும் சில ஆண்டுகளுள் அவற்றுக்கு அடங்காத பூஞ்சண வகைகள் தோட்டங்களிற் பெருகின. 1970களின் நடுப்பகுதியில் வந்த வேறொரு மருந்துக் குடும்பத்துக்கும் அக்கதியே நேர்ந்தது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்குந்தோறும், அதனைத் தாங்கவல்லவை மட்டுமே எஞ்சிப் பெருகுதல் இயல்பன்றோ?

ஆகவே அறிஞர் கொடியின் அமைப்பை நோக்கினர். பூஞ்சணம் பூக்காலத்திலேயே உட்புகுந்து, காய் கனியும்வரை உறங்கிக் கிடக்கும். நெருங்கிய குலைகளும், புழு கடித்த புண்களும், காற்றுப் புகாத இலைச்செறிவும் அதனை விழிக்கச் செய்யும். பூத்து முடிந்ததும் குலையைச் சூழ்ந்த இலைகளை அகற்றினால் அழுகல் பெரிதும் குறையும் என்பதை 1987இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு காட்டியது. காற்றுப் பட்டதும் குலை விரைவில் உலர்ந்தது. தெளித்த மருந்தும் உள்ளே சென்று சேர்ந்தது.

இன்று கமக்காரர் மருந்தை அறவே கைவிட்டிலர். வகை மாற்றி, அளவறிந்து தெளிக்கின்றனர். ஆயினும் வெயிலும் காற்றும் குலையை அடைய வழி திறந்த பின்னரே மருந்தை நாடுகின்றனர்.