கோனா காப்பி வாழும் வரலாற்றுப் பண்ணை

அமெரிக்காவின் ஹவாய்த் தீவில், கேப்டன் குக் என்னும் ஊரில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம். கோனா வரலாற்றுச் சங்கம் நடத்துகிறது. ஜப்பானிலிருந்து குடியேறிய உச்சிதா குடும்பத்தின் பண்ணை இது. 1920 முதல் 1945 வரையிலான வாழ்க்கை அப்படியே காட்டப்படுகிறது.

1885 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த ஜப்பானியர் பலர், பின்னர் இத்தீவின் கோனாப் பகுதி மலைச்சரிவுகளில் சில ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தனர். 1899-இல் காப்பி விலை சரிந்து பெருந்தோட்டங்கள் கைவிடப்பட்டதால் கிடைத்த வாய்ப்பு அது. வீட்டார் அனைவரும் உழைத்தால்தான் கட்டுப்படியாகும். மளிகைக் கடனையும் அறுவடைக் காப்பியைக் கொண்டே அடைத்தனர். பிள்ளைகளும் பழம் பறிக்கவேண்டும் என்பதற்காகக் கோனாப் பள்ளிகள் கோடை விடுமுறையையே அறுவடைக் காலத்துக்கு மாற்றிவைத்தன.

பார்வையாளர் தவறவிடக்கூடாதது ஹோஷிதானா எனப்படும் உலர்களம். தோல் நீக்கி, ஓரிரவு புளிக்கவைத்துக் கழுவிய கொட்டைகளை மரத்தளத்தில் பரப்பிக் கிளறிவிடுவார்கள். காலையில் சுள்ளென்ற வெயில், பிற்பகலில் மழை: இதுதான் கோனாவின் வானிலை. அதனால் தளத்தின் கூரை தண்டவாளத்தில் ஓடும்படி அமைந்திருக்கிறது. மேகம் திரண்டதும் தள்ளினால் களம் மூடிக்கொள்ளும். எளிய மனிதர்களின் அருமையான பொறியியல்!

அடியில் விறகு எரித்துச் சூடாக்கும் குளியலறை, தோல் நீக்கும் ஆலை, மூட்டை சுமக்கும் கழுதை ஆகியவையும் உண்டு. அக்கால உடையணிந்த பணியாளர்கள் வேலை செய்தபடியே விளக்கம் சொல்வார்கள்.