எலைஜா ஹார்ப்பர்

எலைஜா ஹார்ப்பர் (1949–2013) கனடாவின் மானிட்டோபா மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். ரெட் சக்கர் லேக் என்னும் ஒஜி-கிரீ மக்களின் ஊரில் பிறந்து, உறைவிடப் பள்ளிகளில் படித்து, பின்னர் அந்த ஊருக்கே தலைவரானார். 1981இல் புதிய ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக ரூபர்ட்ஸ்லாந்து தொகுதியில் வென்றார். அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பூர்வகுடிகளிலிருந்து அந்த அவைக்குச் சென்ற முதலாமவர் அவரே. ஹாவர்ட் பாலியின் அமைச்சரவையிலும் இருந்தார். ஆனால் அவரை நாடு நினைவில் வைத்திருப்பது, 1988இல் கட்சி ஆட்சியை இழந்து மூன்றாம் இடத்துக்குப் போனபின், 57 பேர் கொண்ட அவையில் அதிகாரம் ஏதுமற்ற பின்வரிசை உறுப்பினராக அவர் செய்த காரியத்துக்காக. அவை விதியை அறிந்த ஒருவரால் பின்வரிசையிலிருந்தும் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அவரே தக்க சான்று.

பிரதமர் பிரையன் மல்ரோனியும் பத்து மாகாண முதல்வர்களும் அரசியலமைப்பைத் திருத்துவதற்காக 1987இல் செய்த மீச் லேக் உடன்படிக்கை, கியூபெக்கைத் தனித்தன்மை கொண்ட சமூகமாக ஏற்றது. பூர்வகுடிகளை யாரும் அந்தப் பேச்சுக்கு அழைக்கவில்லை. பத்து மாகாணங்களும் 1990 ஜூன் 23க்குள் ஒப்புதல் தரவேண்டும். மானிட்டோபாவிலோ முன்னறிவிப்பு வேண்டும், பொதுமக்கள் கருத்தும் கேட்க வேண்டும். நாள் நெருங்கிவிட்டதால் விதிகளைத் தளர்த்த முதல்வர் கேரி ஃபில்மன் முயன்றார். அதற்கு அவையில் ஒருவர்கூட மறுக்கக் கூடாது. ஜூன் 12 அன்று ஹார்ப்பர் கையில் கழுகிறகுடன் மறுத்தார். அவருடைய சொந்தக் கட்சித் தலைவர் உட்பட மூன்று கட்சித் தலைவர்களும் உடன்படிக்கையை ஏற்றிருந்தார்கள். அப்படியிருந்தும் கெடு முடியும்வரை அவர் இறங்கிவரவில்லை; உடன்படிக்கை நிறைவேறாமல் போனது.

ஒருவர் ஒரு நாட்டையே தடுப்பது ஜனநாயகமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் தடுத்தது மக்கள் கருத்தைக் கேட்காமல் நிறைவேற்றும் அவசரத்தை. பேசுவதற்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்களின் உரிமையை அந்த மறுப்பு காத்தது. நியூஃபவுண்ட்லாந்தும் ஒப்புதல் தரவில்லையே என்பது இன்னொரு வாதம். ஆனால் மானிட்டோபாவில் கதவு மூடியபிறகே அங்கே வாக்கெடுப்பு கைவிடப்பட்டது. கியூபெக் மக்களின் மனக்கசப்பு வளர்ந்து, 1995இல் பிரிவினைக்கான பொதுவாக்கெடுப்பு வரை போனது மெய்தான். அந்த விலையை மறைப்பது நேர்மையாகாது. எனினும் அதன் பொறுப்பு, பூர்வகுடிகளை வெளியே நிறுத்திவிட்டு அரசியலமைப்பைத் திருத்தப் புறப்பட்ட பதினொருவரையே முதலில் சேரும். அரசியலமைப்பைத் திருத்தும் அடுத்த முயற்சியான 1992ஆம் ஆண்டு ஷார்லட்டவுன் உடன்படிக்கைக்கான பேச்சில் பூர்வகுடித் தலைவர்களுக்கும் இருக்கை போடப்பட்டது.