சுர்மா, மருதாணி, முகக் கிரீம்: ‘இயற்கை’ என்ற பெயரில் வீட்டுக்குள் வருபவை



“பிள்ளைக்கு நாற்பது நாள் ஆயிடுச்சு ஹஜ்ரத். கண்ணுக்கு சுர்மா போடலாமா? சுன்னத்துதானே?” ஜும்ஆ முடிந்து ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார். அவர் கையில் சின்ன பித்தளைக் குப்பி. உம்ரா போய் வந்த உறவினர் கொடுத்ததாம். தயாரித்தவர் பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை. ‘இஸ்மித்’ என்ற ஒரே ஒரு அரபுச் சொல் மட்டும் இருந்தது. நல்ல வேளை, போடுவதற்கு முன் கேட்டார்.

இஸ்மித் சுர்மாவை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னதும், அது பார்வையைத் தெளிவாக்கும், இமை முடியை வளர்க்கும் என்று காரணம் கூறியதும் அபூதாவூத், திர்மிதீ போன்ற தொகுப்புகளில் பதிவாகியுள்ளன. இஸ்மித் என்பதை அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனி கலந்த கறுப்புக் கல் என்றே பொதுவாக விளக்குவார்கள். இன்று கடைகளில் சுர்மாக்கல் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அதுவல்ல. அது கலீனா என்ற ஈயத் தாது. அதுவும் கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. சுத்தமான கலீனாவின் எடையில் சுமார் 86 சதவீதம் ஈயம்.

கண்ணில் இடும் மை கண்ணோடு நிற்பதில்லை. குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும். விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் உறிஞ்சுவதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பில் மந்தம், கவனக்குறைவு, இரத்தசோகை என்று மெதுவாகத் தெரியவரும். அந்த நேரத்தில் சுர்மாவை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். குழந்தையின் இரத்தத்தில் ‘இவ்வளவு ஈயம் இருந்தால் பாதிப்பில்லை’ என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது. அமெரிக்காவில் சுர்மா, காஜல் வகைகளை அழகுப்பொருளாக விற்பதற்கே அனுமதி இல்லை.

அப்படியானால் சுன்னத்தை விடுவதா? பார்வையைத் தெளிவாக்கும் பொருளைத்தான் நபியவர்கள் சொன்னார்கள். ஈயத் தூளுக்கு இஸ்மித் என்று பெயர் எழுதி ஒட்டிவிட்டால் அது இஸ்மித் ஆகிவிடாது. தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யக்கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. மதரஸாவில் முதல் சில ஆண்டுகளிலேயே ஓதிவிடுவோம். பெரியவர்கள் இட விரும்பினால், ஈயம் இல்லை என்று ஆய்வுக்கூடச் சான்று உள்ளதை மட்டும் வாங்கலாம். கைக்குழந்தைக்கு எதுவும் வேண்டாம். நம் நன்னிமார்கள் கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, விளக்கெண்ணெயில் திரியிட்டு எரித்து, சட்டியில் படியும் கரியை எடுத்து மை கூட்டுவார்கள். அதில் ஈயக் கல் இல்லை. ஆனாலும் பச்சிளம் குழந்தையின் கண்ணுக்குள் விரலால் எதைத் தீட்டினாலும் கிருமித் தொற்றுக்கு வழியாகும் என்பதால், கண் மருத்துவர்கள் அதையும் வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

மருதாணி விஷயம் வேறு மாதிரி. இலையை அரைத்து வைத்தால் முதலில் ஆரஞ்சு நிறம் பிடிக்கும். ஒன்றிரண்டு நாளில் அது கருஞ்சிவப்பாகும். சில மணி நேரமாவது கையில் இருந்தால்தான் பிடிக்கும். மருதாணி இலையிலிருந்து கறுப்பு நிறம் வராது. ஆகவே பெருநாளைக்கு முதல்நாள் இரவு ‘அரை மணி நேரத்தில் கறுப்பு’ என்று விற்கும் கோன் மருதாணி அல்ல. அதில் கலந்திருப்பது பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாரா-ஃபினைலீன்டயமின், அதாவது தலைமுடிச் சாய இரசாயனம். ஐரோப்பிய நாடுகளில் அதை முடிச் சாயத்தில் 2 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறார்கள். தோலில் பூச அனுமதியே இல்லை. சிலருக்குக் கொப்புளமும் தழும்பும் உண்டாகின்றன. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரும். ஏழு வயதில் கையில் வைத்த கறுப்புக் கோனுக்காக, நாற்பது வயதில் தலைக்குச் சாயம் பூசும்போது முகம் வீங்கி மருத்துவமனைக்கு ஓட நேரிடலாம்.

தலைமுடிக்கும் இதே கதைதான். மக்கா வெற்றி நாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபாவின் நரையை மாற்றச் சொன்ன நபியவர்கள், கறுப்பைத் தவிர்க்கச் சொன்னதை நாம் அறிவோம். மருதாணியையும் ‘கதம்’ என்ற செடியையும் நரைக்குச் சிறந்தவையாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் மருதாணியுடன் அவுரி இலைப்பொடியைச் சேர்த்தால் அடர்ந்த பழுப்பு கிடைக்கும். ‘ஹெர்பல் பிளாக் ஹென்னா’ என்ற பாக்கெட்டுகள் பலவற்றில் இருப்பது அந்த பிபிடிதான். முன்பக்கத்தில் இலைப் படம் இருக்கும். பின்பக்கத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நல்ல மருதாணி இலைகூட எல்லோருக்கும் ஆகாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு உடலில் மருதாணி பூசினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். குறைபாடு இருப்பது பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது என்பதால், கைக்குழந்தைகளுக்கு மருதாணியே வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமானது வெள்ளையாக்கும் கிரீம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறும் அரிதான சிறுநீரக நோயுடன் ஒருவர்பின் ஒருவராக நோயாளிகள் வரத் தொடங்கினர். விசாரித்தால் பலரும் முகப்பொலிவு கிரீம் பூசியவர்கள். மருத்துவர்கள் அந்தக் கிரீம்களைச் சோதித்தபோது அவற்றில் பாதரசம் இருந்தது. பாதரசம் தோலின் நிறமி உருவாவதைத் தடுப்பதால் முகம் விரைவில் வெளுக்கும். நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும், ஆகவே மறுபடி வாங்குவார்கள். உள்ளே போன பாதரசமோ சிறுநீரகத்தைத் தாக்கும். தாயின் வயிற்றுப் பிள்ளையையும் அது சென்றடையும்.

மாப்பிள்ளை வீட்டார் நிறம் பார்க்கிறார்கள் என்பதற்காகப் பெண்பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்கும் தாய்மார்களை நாம் அறிவோம். அவர்கள்மேல் மட்டும் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நிக்காஹ் பேசும் சபையில் நிறத்தைப் பற்றி வாய் திறப்பவர்களுக்கும், அங்கேயே இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற ஆலிம்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அடையாளம் காண்பது எப்படி? பொருள்களின் பட்டியலே இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரி என்று எதையாவது கண்டால் தொடாதீர்கள். ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு கிரீமில் எழுதியிருந்தால் அது பாதரசத்தின் அடையாளம். ‘ஹலால்’ முத்திரை இருக்கிறதே என்பார்கள். அந்த முத்திரை பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு, மது போன்றவை கலக்கவில்லை என்பதைப் பற்றியது. யாரோ அச்சடித்து ஒட்டிய முத்திரை ஆய்வுக்கூடச் சான்றாகாது.

மற்றவற்றில் மாறுவது எளிது. தலைக்குச் சீயக்காய், குளிக்கப் பாசிப்பயறு மாவு, பல்லுக்கு மிஸ்வாக் என்பதெல்லாம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பிள்ளைகளின் பற்சொத்தைக்கு ஃபுளோரைடு பற்பசை தேவை என்று மருத்துவர் சொன்னால் அதையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை. குளியல் பொடிக்கு மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைப்பது நல்லது. பளிச்சென்று தெரிவதற்காக மஞ்சளில் ஈய குரோமேட் பூசியது பங்களாதேஷில் 2019-இல் வெளிவந்தது.

சுர்மா போட்டுவந்த பிள்ளை வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதியுங்கள். வெள்ளைக் கிரீம் பூசியவர்களுக்குக் காலில் வீக்கமோ சிறுநீரில் நுரையோ தெரிந்தால், கிரீமின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மீதமுள்ள கிரீமைச் சாக்கடையில் கழுவிவிடாதீர்கள். மூடி இறுக்கி, உறையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, நகராட்சியின் அபாயக் கழிவாகத் தனியே கொடுத்துவிடுங்கள்.