மடங்கும் புள்ளியும்

பளு தூக்குகிற இருவரில் யார் வலியவர் என்று ஒப்பிட இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மடங்கு: தூக்கிய எடையை உடல் எடையால் வகுத்துவிட்டால் வேலை முடிந்தது. மற்றொன்று புள்ளி: உடல் எடைக்கென்று வகுத்துவைத்த ஒரு பெருக்கெண்ணை எடுத்து, தூக்கிய எடையை அதனால் பெருக்குவது. முன்னது ஜிம்மின் பேச்சுவழக்கு; டெட்லிஃப்டில் ‘டபுள் பாடிவெயிட்’ அடித்தவரென்றால் அங்கே தனி மரியாதை உண்டு. பின்னது போட்டி மேடையின் வழக்கம். பளுதூக்குதலில் சின்க்ளேர், பவர்லிஃப்டிங்கில் நெடுங்காலம் வில்க்ஸ், 2019க்குப் பின் அதன் இடத்தைப் பிடித்த வேறு சூத்திரங்கள். மடங்குக்கு மனக்கணக்கு போதும். புள்ளிக்கு மடக்கை போடத் தெரிந்த கால்குலேட்டர் வேண்டும். இன்று இரண்டுமே கைபேசிக்குள் வந்துவிட்டதால், போட்டிப் பக்கமே போகாத பொழுதுபோக்குப் பயிற்சியாளரும் இரண்டாலும் தன்னை அளந்து பார்க்கிறார். அந்த அளவீடு அவருக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதே இங்கே என் அக்கறை.

இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: உடல் பெருத்தால் வலிமை எந்த வேகத்தில் பெருகும்? தசை தரும் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் எடையோ கன அளவைப் பொறுத்தது. ஒரே வார்ப்பில் உடல் பெரிதாகும்போது பரப்பு இருமடியிலும் கனம் மும்மடியிலும் ஏறுகின்றன. எனவே வலிமை, உடல் எடையின் மூன்றில் இரண்டு அடுக்கில்தான் ஏற முடியும். 1956இல் எம். எச். லீட்ஸ்கி அன்றைய பளுதூக்கும் சாதனைகளை வரைபடத்தில் இட்டுப் பார்த்து, கோட்டின் சாய்வு ஏறக்குறைய இந்த மூன்றில் இரண்டுதான் என்று ‘சயன்ஸ்’ இதழில் காட்டினார். மடங்குக் கணக்கு இதை ஏற்பதில்லை. எடை எவ்வளவு கூடுகிறதோ வலிமையும் அவ்வளவு கூடியாக வேண்டும் என்கிறது. புள்ளிக் கணக்கு அந்தக் கண்டிப்பைத் தளர்த்துவதற்காகவே பிறந்தது.

இந்தக் கண்டிப்பு யாரை அழுத்துகிறது? அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் டெட்லிஃப்டில் 120 தூக்குகிறார்: இருபது கிலோ பாரின் ஒவ்வொரு முனையிலும் இருபது கிலோ பிளேட் இரண்டு, பத்து ஒன்று. மடங்கு சரியாக இரண்டு. பக்கத்து மேடையில் 96 கிலோக்காரர். அவருடைய பாரில் பக்கத்துக்கு மூன்று இருபதுகள், ஒரு பத்து, ஓர் இரண்டரை, ஆக 165. மடங்கு 1.72 மட்டுமே. ஜிம்மின் தீர்ப்பு முதல்வருக்குச் சாதகம். மூன்றில் இரண்டு அடுக்கால் வகுத்தாலோ இருவருக்கும் ஏறக்குறைய ஒரே விடை வருகிறது; சொல்லப்போனால் பெரியவர் ஒரு மயிரிழை முன்னே நிற்கிறார். அந்தப் பெரியவரும் ‘டபுள்’ தொட வேண்டுமானால் 192 தூக்க வேண்டும். அதே கடினத்தைச் சிறியவர் சந்திக்க 140 கிலோ, அதாவது 2.3 மடங்குக்கும் மேல் தூக்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் பொதுவென்று சொல்லப்படும் அந்த ‘இரண்டு மடங்கு’, உண்மையில் ஆளுக்கொரு உயரத்தில் கட்டிய கயிறு.

உச்சத்தில் இருப்பவர்களிடம் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் நயிம் சுலெய்மனோக்லு 60 கிலோ பிரிவில் ஸ்நாட்ச்சில் 152.5, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 190 எனத் தூக்கி மொத்தம் 342.5 கிலோவை எட்டினார். ஒரு படி மேலே இருந்த 67.5 கிலோ பிரிவின் தங்கம் இறுதியில் 340க்குத்தான் போயிற்று. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 223, 265 என மொத்தம் 488 தூக்கினார். உடல் எடை 177 கிலோ அளவில். முன்னவர் ஐந்தடியை எட்டாதவர், பின்னவர் ஆறரை அடியை ஒட்டியவர். இருவரும் தலா மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். கிளீன் அண்ட் ஜெர்க்கில் நயிமின் மடங்கு மூன்றைத் தாண்டுகிறது. லாஷாவின் மடங்கு ஒன்றரை. ஒன்றரை என்பது எண்பது கிலோ எடையுள்ள, சில ஆண்டுகள் முறையாகப் பயின்ற ஒருவர் 120 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினால் கிடைக்கும் எண். உலகில் எவரும் தூக்காததைத் தூக்கிய மனிதரையும் உள்ளூர்ப் பயிற்சியாளரையும் ஒரே தட்டில் வைக்கும் அளவுகோலை நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மூன்றில் இரண்டு விதியும் லாஷாவைக் காப்பாற்றுவதில்லை. மொத்தத்தை அந்த அடுக்கால் வகுத்தால் நயிமுக்கு 22க்கு மேல், லாஷாவுக்கு 15.5. எடை வரம்பே இல்லாத பிரிவில் உடல் ஒரே வார்ப்பில் பெரிதாவதில்லை. தசையோடு வேறு பலவும் சேர்ந்துகொள்கின்றன. கனடாவின் ராய் சின்க்ளேர் வகுத்த முறையின் நுட்பம் இந்த இடத்தில்தான். அது உடலியல் விதியிலிருந்து புறப்படாமல் உலக சாதனைகளின் வளைகோட்டிலிருந்து புறப்படுகிறது. மிக எடை கூடிய சாதனையாளரின் எடையில் பெருக்கெண் ஒன்று. அங்கிருந்து கீழே இறங்க இறங்க அது உயர்கிறது. 2017 முதல் 2020 வரையிலான ஒலிம்பிக் சுற்றின் எண்களை வைத்துப் பார்த்தால் நயிமுக்கு 500ஐ ஒட்டி வருகிறது. லாஷாவுக்கு அவர் தூக்கிய 488 அப்படியே நிற்கிறது. மடங்கு இரு துருவங்களில் நிறுத்திய இருவரைப் புள்ளி தோளோடு தோள் நிறுத்திவிடுகிறது.

இதுவரை வேறுபாடு. எனக்கு வியப்பளித்தது இவற்றின் உறவு.

கம்பியில் ஒரு கிராம் கூட ஏறாமலேயே இரண்டு அளவுகோல்களிலும் மதிப்பெண் மாறிவிடும். தொண்ணூறு கிலோக்காரர் 135 தூக்கினால் மடங்கு 1.5. அவர் பத்து கிலோ இளைத்து அதே 135ஐத் தூக்கினால் 1.69. வலிமை அங்கேயே நிற்க, எடைபார்க்கும் இயந்திரம் அவரை முன்னேற்றிவிட்டது. இது ஜிம்காரர்களின் பலவீனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சின்க்ளேர் எண்கள் ஒலிம்பிக் சுற்றுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. உச்ச எடை ஆண்களுக்கு 175.5 கிலோவிலிருந்து அடுத்த சுற்றில் 193.6க்கு நகர்ந்தது. உடனே நயிமின் பழைய 342.5க்கான புள்ளி 525ஐயும் தாண்டிவிட்டது. முன்னதில் உடல் நகர்ந்தது, பின்னதில் அட்டவணை நகர்ந்தது. கம்பி இரண்டிலும் அசையவில்லை.

இதைவிட ஆழமான உறவு ஒன்றும் உண்டு. உடல் எடை என்பது தூக்குபவர் தேர்ந்துகொண்ட ஒன்று என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. மேடையில் அது மெய். நயிமின் அறுபது கிலோ, அந்தக் குட்டையான எலும்புக்கூடு தாங்கக்கூடிய தசை முழுவதையும் ஏற்றிக் கட்டிய அறுபது கிலோ. பிரிவுக்கென்றே செதுக்கிய எடை. நம் ஜிம்மின் அறுபது கிலோக்காரரோ ஐந்தடி எட்டு அங்குலம் இருப்பார்; தோளும் தொடையும் இன்னும் நிரம்பாத உடல். பக்கத்து மேடைக்காரரின் தொண்ணூற்றாறில் பத்து வருட நாற்காலி வேலையும் இரவு நேரத்துப் பரோட்டாவும் கலந்திருக்கும். இவர்கள் எடை தேர்ந்துகொண்டதல்ல, வந்து வாய்த்தது. மடங்கு அதைப் பார்ப்பதில்லை, புள்ளியும் பார்ப்பதில்லை. உயரத்தைக் கேட்பதில்லை, கை கால் நீளத்தைக் கேட்பதில்லை, தசை எது கொழுப்பு எது என்றும் கேட்பதில்லை. மடங்கைவிடப் புள்ளி நுட்பமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நுட்பம் சாம்பியன்களின் உடலை அளந்து பெற்ற நுட்பம்.

அதற்காக மடங்கைத் தூக்கியெறியவும் நான் தயாரில்லை. உடலே சுமையாகும் இடத்தில் அதற்கு நிகர் கிடையாது. புல்-அப் கம்பியில் தொங்குகிறவருக்குத் தன் எடையைத் தான் இழுப்பதே வேலை. அங்கே பெரிய உடலுக்குச் சலுகை கேட்பது பொருந்தாது. ஸ்க்வாட் பாதி வழியில் நிற்கிறது: குந்தி எழும்போது பாரோடு இடுப்புக்கு மேற்பட்ட உடல் முழுவதும் எழுகிறது, பாரில் இருப்பதை மட்டும் எண்ணும் கணக்கு அந்த உழைப்பை விட்டுவிடுகிறது. பெஞ்ச் பிரஸ்ஸிலோ உடல் பலகையில் படுத்தே கிடக்கிறது. ஆயினும் மூன்றுக்கும் ஒரே பாணியில் ‘இத்தனை மடங்கு இருந்தால் நல்லது’ என்று பட்டியல் போட்டு ஜிம் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். புள்ளிக்கும் உரிய இடம் உண்டு. ஒரு கிளப்பில் பத்துப் பேர் பத்து எடைப் பிரிவுகளில் தூக்கிய மாலையில், சிறந்தவருக்கு ஒரு கோப்பை கொடுக்க வேண்டுமானால், அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டும் சேர்ந்து கைவிடுவது பெரும்பாலும் புதிதாக வருகிற ஒல்லியான இளைஞரை. 55 கிலோவில் தொடங்கி, ஸ்க்வாட்டில் 82.5ஐ எட்டுகிறார், மடங்கு 1.5. ஒழுங்காகச் சாப்பிட்டு, தூங்கி, உழைத்து 60 கிலோ ஆகிறார், 90 தூக்குகிறார். மடங்கு இப்போதும் 1.5. புள்ளி சிறிது கூடியிருக்கும், அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எடை போட்டால் மடங்கு விழுந்துவிடும் என்ற பயத்தில் சோற்றைக் குறைத்துக்கொள்ளும் பையன்கள் இருக்கிறார்கள். இந்த எண்கள் செய்யும் தீங்குகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். அவருடைய நோட்டில் மூன்று பத்திகள் போதும்: பாரில் இருந்த எடை, தன் எடை, இடுப்புச் சுற்றளவு. ஏழரை கிலோ கூடுதலாகத் தூக்கியிருக்கிறார், ஐந்து கிலோ கூடியிருக்கிறார், இடுப்பு அப்படியே இருக்கிறது என்றால், அந்த ஐந்தில் பெரும்பகுதி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அந்த மூன்று பத்திகளே அவருக்குச் சொல்லும்.