கயிற்றில் ஒட்டிய மணல்

தென்காசிக்குப் பக்கத்துச் செங்கோட்டையும், நாஞ்சில் நாட்டு மணவாளக்குறிச்சியும் 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்பு இரண்டும் திருவிதாங்கூர்ச் சீமை. அந்தச் சீமையின் புதையல் எங்கே இருந்தது தெரியுமா? மணவாளக்குறிச்சி கடற்கரையில்!

1909. ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்நாளைய கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு அதுதான் உயிர். அதுவரை பிரேசில் மணலை நம்பியிருந்த ஐரோப்பா இந்தப் பக்கம் திரும்பியது.

அன்றைய கப்பல் கணக்கை ஒரு கம்ப்யூட்டரில் போட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? 'வியாபாரம் ஏறுமுகம்' என்றிருக்கும். ஆனால் 1914-ல் யுத்தம் வந்தது. பிறகு மின்விளக்கு வந்து மேன்டிலை ஓரங்கட்டியது. 1945-ல் அணுகுண்டு. தோரியத்துக்குத் திடீர் மவுசு! 1946-ல் இந்தியா மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இதெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது?

2023-ல் மத்திய அரசு 30 முக்கியக் கனிமங்களைப் பட்டியலிட்டது. மோனசைட்டில் கிடைக்கும் அரிய மண் தனிமங்களும் அதில் உண்டு. இறக்குமதி, விலை, சுரங்க உற்பத்தி என்று புள்ளிவிவரங்களை அலசினால், எந்தக் கனிமத்துக்கு ஒரே நாட்டை நம்பியிருக்கிறோம் என்பது பளிச்செனத் தெரிந்துவிடும். ஆனால் 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததே, அந்தத் தேதி?

குற்றாலத்துக்காரரிடம் கேளுங்கள். 'ஜூன்ல சாரல் வரும்' என்பார். எந்தத் தேதி என்றால் சிரிப்பார். ஆனால் குடையை முன்னமே எடுத்து வைத்திருப்பார். நாமும் கையிருப்பு, சொந்த ஆலை என்று குடையை எடுத்து வைக்கவேண்டும், அவ்வளவுதான்!